திரை ஓடும்போது ஆசிரியர் எங்கே?



ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும் நாட்களில் பங்குத்தந்தையர் இல்லத்துக்கு வரும் பெற்றோரின் கேள்விகளைக் கொண்டே காலம் மாறுவதை நாம் கணித்துவிடலாம். முன்பு "சாமி, இங்கிலீஷ் மீடியத்தில் ஒரு இடம் கிடைக்குமா?" என்பார்கள். இன்று தென்னூரிலும் புத்தூரிலும் உழவர் சந்தைப் பக்கமும் கேட்கும் கேள்வி, "ஃபாதர், ஸ்மார்ட் கிளாஸ் இருக்கா?" என்பதே. இருக்கிறது என்று சொல்லிவிட்டால் மறுகேள்வி வருவதில்லை. அதில் என்ன காட்டுகிறார்கள், எவ்வளவு நேரம் காட்டுகிறார்கள், காட்டும்போது டீச்சர் என்ன செய்கிறார் என்று கேட்போர் மிகச் சிலரே.

இந்தக் கேள்வியை நாம் ஏளனமாகப் பார்க்கக் கூடாது. பணம் உள்ளவர் பிள்ளைக்குக் கிடைப்பது நம் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்ற நியாயமான ஏக்கம் அதற்குள் இருக்கிறது. தமிழக அரசும் இதை உணர்ந்தே 2024-ஆம் ஆண்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22,000-க்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகளை அமைக்கும் பணியில் இறங்கியது. அது அரசுப் பள்ளிகளுக்கான திட்டம். அரசு உதவிபெறும் நம் பள்ளிகளில் இத்தகைய திரைகள் பெரும்பாலும் பங்கு மக்களின் கொடையால்தான் வருகின்றன. ஆகவே இது ஆசிரியர்கள் மட்டும் பேசித் தீர்க்க வேண்டிய காரியமன்று. காணிக்கை கொடுக்கும் நாம் அனைவரும் சிந்திக்க வேண்டியது.

படம் காட்டிப் பாடம் நடத்துவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை ஓராண்டுக் காலம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 என்ற செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுசென்றது இஸ்ரோ. 'சைட்' என்று அழைக்கப்பட்ட அந்தச் சோதனையில் காலை வேளை தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. ஆந்திராவும் கர்நாடகாவும் இருந்தன. இதில் நம் கவனத்துக்குரிய செய்தி ஒன்று உண்டு. அதே செயற்கைக்கோளைக் கொண்டு சுமார் 50,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சியும் தரப்பட்டது. பிள்ளைக்குப் படம் காட்ட வானத்தில் கோளை நிறுத்தியவர்கள், டீச்சரையும் மறக்கவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, திரையைச் சுவரில் மாட்டிவிட்டு ரிமோட்டை டீச்சர் கையில் கொடுத்துவிட்டுப் போகும் நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அனிமேஷன் படத்துக்கும் இங்கே நல்ல மரபு உண்டு. தூர்தர்ஷன் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு 'ஏக் அநேக் அவுர் ஏக்தா' நினைவிருக்கும். 1974-இல் விஜயா முலே இயக்கிய அந்தச் சிறிய கார்ட்டூன், ஒற்றுமை என்னும் கருத்தைப் பறவைகளையும் வலையையும் கொண்டு விளக்கியது. இந்தி தெரியாத பிள்ளைகளுக்கும் படம் புரிந்தது. பின்னர் 1990-களில் யுனிசெஃப் நிறுவனம் 'மீனா' என்ற சிறுமியை உருவாக்கி, பெண்பிள்ளையும் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதைத் தெற்காசிய நாடுகளெங்கும் கார்ட்டூனாகவே சொன்னது. ஆக, கார்ட்டூன் என்றாலே விளையாட்டு, வீண்பொழுது என்று ஒதுக்குவோரோடு நமக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் அண்மையில் நம் மாநிலம் பட்ட அனுபவம் ஒன்று உண்டு. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது அதுவே வகுப்பறையாயிற்று. பாடங்கள் வீடு தேடி வந்தன. ஏழை வீட்டிலும் டி.வி. இருந்ததால் எட்டாத பிள்ளைகள் குறைவு. கைப்பேசி இல்லாத வீடுகளுக்கு அது பெரும் உதவியே. எனினும் 2021 நவம்பர் 1 அன்று ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மீண்டும் திறந்தபோது, மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் பலருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை. 2022-ஆம் ஆண்டின் 'அசர்' ஆய்வின்படி தமிழக ஊரகப் பகுதிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 4.8 விழுக்காடு மட்டுமே. 2018-இல் அது 10.2 விழுக்காடாக இருந்தது. அதற்குப் பின்வந்த 2024 ஆய்வில் நிலைமை தேறியிருப்பது ஆறுதல்.

தொலைக்காட்சியை நாம் இதற்குக் குற்றம் சொல்லவில்லை. ஒன்றரை ஆண்டுக்கும் மேலான பள்ளி இழப்பை எந்தத் திரையாலும் தாங்கியிருக்க முடியாது. ஆனால் அந்த இழப்பைச் சரிசெய்ய அரசு எதைத் தேடியது என்று பாருங்கள். 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கி, தெருவுக்குத் தெரு தன்னார்வலர்களை அனுப்பியது. ஒருவருக்கு ஏறத்தாழ இருபது பிள்ளைகள். மாலையில் ஒன்றரை மணி நேரம். சுமார் 2 லட்சம் பேர் அந்தப் பணியில் இறங்கினார்கள்; அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கல்வியோடு பிள்ளையின் முகம் பார்த்துப் பேச ஓர் ஆளும் தேவைப்பட்டார்.

ஏன் இப்படி? காரணம் மிகவும் எளியது. படம் ஓடிக்கொண்டே இருக்கும். பிள்ளையின் மனமோ நின்று நின்று நடக்கும். கரும்பலகையில் டீச்சர் வரைந்த படம் பாடவேளை முழுதும் அங்கேயே இருக்கும். புரியாத பிள்ளை மறுபடி அண்ணாந்து பார்க்கலாம். அனிமேஷனில் ஒரு காட்சி மூன்று விநாடியில் போய்விடும், அடுத்தது வந்துவிடும். பார்பரா ட்வெர்ஸ்கி என்ற உளவியல் அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் 2002-இல் இதுகுறித்த பல ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்த்தபோது, அசையும் படம் அசையாப் படத்தைவிட நன்றாகக் கற்பிக்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே கண்டார்கள். ரிச்சர்ட் மேயர் என்ற மற்றோர் அமெரிக்கப் பேராசிரியரின் ஆய்வுகள், படத்தைத் துண்டு துண்டாக நிறுத்திக் காட்டினால் கற்றல் மேம்படுகிறது என்றும், பாடத்துக்குத் தொடர்பில்லாத வேடிக்கைகளைச் சேர்த்தால் குறைகிறது என்றும் காட்டின. 1996-இல் அமெரிக்காவில் வந்த 'புளூஸ் க்ளூஸ்' என்ற பிள்ளைகள் தொடரில், கதை சொல்பவர் கேள்வி கேட்டுவிட்டுச் சில விநாடிகள் வாய்திறவாமல் திரையிலிருந்து பிள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே பகுதியை வாரத்தின் ஐந்து நாளும் மறுபடி மறுபடி ஒளிபரப்பினார்கள். பெரியவர்களுக்கு அலுப்பு, பிள்ளைகளுக்கோ ஐந்தாம் நாள்தான் முழு உற்சாகம்! மறைக்கல்வி வகுப்பில் ஒரே கதையை நாலாவது முறை கேட்கும் சிறுவர்களைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

நம் வகுப்பறையில் இதை எப்படிச் செய்வது? மூன்றாம் வகுப்பில் உணவு செரிக்கும் பாடம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு நிமிடப் படம் ஒன்று இருக்கிறது. படத்தைப் போடும் முன் டீச்சர் கேட்கிறார்: "காலையில சாப்பிட்ட இட்லி இப்ப எங்க இருக்கு?" வயிற்றில் என்பான் ஒருவன், கரைந்துபோச்சு என்பாள் ஒருத்தி, ஒருவன் சட்டையைத் தூக்கிக் காட்டுவான். இப்போது படம் ஓடுகிறது. தொண்டையில் உணவு இறங்கும் இடத்தில் டீச்சர் நிறுத்துகிறார். அடுத்து எங்கே போகும்? பிள்ளைகள் சொல்கிறார்கள், தவறாகவும் சொல்கிறார்கள். மறுபடி ஓட்டம், மறுபடி நிறுத்தம். படம் முடிந்ததும் ஒலியை அணைத்துவிட்டு இன்னொரு முறை ஓடவிட்டு, பின்பெஞ்சுப் பையனைக் கூப்பிட்டு "நீ சொல்லுப்பா" என்கிறார். அவன் தன் தென்னூர்த் தமிழில் சொல்கிறான். பிறகு நோட்டில் வரைகிறார்கள். நான்கு நிமிடப் படம் நாற்பது நிமிடப் பாடவேளையை எடுத்துக்கொள்கிறது. இதே படத்தை நிறுத்தாமல் ஓடவிட்டால், அதைத் தொடர்ந்து வேறு ஒன்பது படங்களும் ஓடியிருக்கும். வகுப்பும் சத்தமில்லாமல் இருந்திருக்கும். வெளியிலிருந்து பார்க்கும் தலைமையாசிரியருக்கும் நிர்வாகிக்கும் அதுவே நல்ல வகுப்பாகத் தோன்றும். அமைதியான வகுப்பைக் கண்டு மகிழும் பழக்கம் நம்மிடம் வெகுகாலமாக இருக்கிறது.

எதைப் படமாகக் காட்டுவது என்பதிலும் தெளிவு வேண்டும். இரத்தம் ஓடுவதையும் பூமி சுற்றுவதையும் கண்ணால் காண முடியாது. அங்கே அனிமேஷன் பெருங்கொடை. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிந்து, இரண்டுக்கும் நடுவே திருவரங்கம் தீவாக நிற்பதை மேலிருந்து காட்டும் ஓர் அசையும் வரைபடம், திருச்சிப் பிள்ளைக்குத் தன் ஊரையே புதிதாகக் காட்டும். அதைப் பார்த்த கையோடு மலைக்கோட்டை உச்சிக்கு ஏறிப் பார்த்தால் இன்னும் நல்லது. ஆனால் பச்சைப்பயறு முளைப்பதைப் படத்தில் காட்டுவானேன்? ஈரத்துணியில் ஒரு பிடி பயறும் இரண்டு நாள் பொறுமையும் போதும். கடையில் கிடைக்கும் பாடத்தொகுப்புகளில் இந்த வேறுபாடு பார்க்கப்படுவதே இல்லை; எல்லாமே படம். அதிலும் பல, ஆங்கிலத்தில் எடுத்து ஏட்டுத் தமிழில் குரல் கொடுக்கப்பட்டவை. பனிமனிதன் செய்யும் பிள்ளைகளைக் கத்திரி வெயிலில் உட்கார்ந்து நம் பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

வாசிப்புக்கு உதவும் வகை ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். புதுச்சேரியிலிருந்து இயங்கும் 'புக்பாக்ஸ்' என்ற அமைப்பு, 2004 முதல் சிறுவர் கதைகளை அனிமேஷனாக்கி, சொல்லப்படும் அதே வரியைத் திரையின் கீழே எழுத்தாகவும் காட்டுகிறது. சொல் ஒலிக்கும்போதே அந்தச் சொல் நிறம் மாறும். தமிழிலும் இவை உண்டு. பேச்சும் எழுத்தும் ஒரே மொழியில் ஒன்றாக ஓடுவதால் கண் தானாகவே எழுத்தைத் தொடர்கிறது. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு தவிக்கும் சிற்றூர்ப் பள்ளிகளை நாம் அறிவோம். அங்கே ஒரு வகுப்பைப் படத்தின் முன் உட்கார வைக்காமல் மறு வகுப்பை நடத்த முடியாது. அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அப்படி உட்கார வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், எழுத்து ஓடும் இத்தகைய கதையாக இருக்கட்டும். கையில் சிலேட்டும் இருக்கட்டும்.

யூடியூப் பாட்டுகளின் கதை வேறு. சென்னையில் 2013-இல் தொடங்கிய 'சூச்சூ டிவி' உலகப் புகழ் பெற்றது நமக்குப் பெருமைதான். ஆனால் யூடியூபின் ஏற்பாடு ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவது. இடையில் விளம்பரமும் வரும். வகுப்பறைக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது. எல்.கே.ஜி. பிள்ளைகளைப் பொறுத்தவரை, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியது. வீட்டில் அந்த ஒரு மணி நேரம் எப்போதோ தீர்ந்திருக்கும்.

திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2007-ஆம் ஆண்டு சமூகத் தொடர்பு நாளுக்குத் தேர்ந்துகொண்ட பொருளே குழந்தைகளும் ஊடகமும் பற்றியதுதான். ஊடகம் பிள்ளையை உருவாக்குவதும், ஊடகத்தை எதிர்கொள்ளப் பிள்ளையை உருவாக்குவதும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது அவரது எண்ணம். இரண்டாவது பகுதியைச் செய்ய டீச்சரும் தாய் தந்தையரும்தான் இருக்கிறார்கள்.

இங்கே பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். தொட்டால் இயங்கும் பெரிய திரை ஒன்றின் விலை எளிதாக ஒரு லட்சத்தைத் தாண்டும். அதை வாங்கித் தரக் கொடையாளர்கள் முன்வருகிறார்கள். அவர்களுக்கு நம் நன்றி. 'இன்னாரின் நினைவாக' என்று ஓரத்தில் எழுதவும் இடம் இருக்கிறது. ஆனால் அதே பள்ளியில் காலியிடத்தில் மேனேஜ்மென்ட் சம்பளத்துக்கு வேலை செய்யும் இளம் டீச்சர், ஜவுளிக்கடையில் நிற்கும் தன் தோழியைவிடக் குறைவாகவே வாங்குகிறார். அவரது சம்பளத்தில் ஒரு பங்கை ஏற்க யாரும் முன்வருவதில்லை. அதில் பெயர் எழுத இடமில்லை. கோடை விடுமுறையில் அவரை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்ப ஆகும் செலவு, அந்தத் திரையின் விலையில் மிகச் சிறு பங்குதான்.

எனவே, இவ்வாண்டு தங்கள் பங்குப் பள்ளிக்குத் திரை வாங்க எண்ணியுள்ள பங்குப் பேரவையினருக்கும் அன்பியக் குழுக்களுக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் இது. விற்க வருபவரை நேராக மூன்றாம் வகுப்புக்கே அழைத்துச் செல்லுங்கள். தலைமையாசிரியரும் வகுப்பு டீச்சரும் உடன் இருக்கட்டும். ஒரு படத்தை ஓட்டச் சொல்லி, பாதியில் நிறுத்திப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இணையம் இல்லாமல் ஓடுமா, தமிழ் யாருடைய தமிழ், டீச்சருக்கு எத்தனை நாள் பயிற்சி தருவீர்கள் என்று கேளுங்கள். பயிற்சி என்றதும் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு அவர் கிளம்பினால், காசோலையில் கையெழுத்திடக் காலாண்டு விடுமுறை வரை பொறுத்திருக்கலாம்.