கோட்டையும் வாசியுங்கள்

பிரித்தானியாவின் சுயாதீனப் பதிப்பகமான நியூ இன்டர்நேஷனலிஸ்ட் 2019இல் வெளியிட்ட ‘வன்னி’, இலங்கையில் ஆழிப்பேரலையும் இறுதிப் போரும் சிதைத்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கறுப்பு வெள்ளைச் சித்திர நாவல். எழுதியவர், 2008 வரை வன்னியில் ஐ.நா. பணியிலிருந்த பெஞ்சமின் டிக்ஸ். வரைந்தவர் லிண்ட்சே பொலொக். இத்தகைய நூலில் கதையின் உண்மையை மட்டும் பேசி, வரைந்த கோட்டைக் கண்டுகொள்ளாத விமர்சனம் அரைகுறையானது. பதுங்குகுழியின் நெருக்கத்தைக் கட்டத்தின் அளவே சொல்லிவிடும். ஓலத்துக்குப் பின்னான மௌனத்துக்கு ஒரு வெற்றுக் கட்டம் போதும். படக்கதை சிறுவருக்கானது, பேரழிவின் கனத்தைத் தாங்காது என்பார்கள். யூத இனப்படுகொலையைச் சித்திரித்த ‘மௌஸ்’ 1992இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றபோதே அந்த வாதம் தோற்றது. ‘வன்னி’ வெளியார் வரைந்தது என்ற ஆட்சேபம் கனமானதுதான். அதற்கு விடை, நம்மவர் வரைவது. நாளை செங்கலடியில் ஒரு மாணவி தானே வரைந்து சிறுநூல் அச்சிட்டால், நாவலுக்குரிய அதே கண்டிப்போடு அதையும் வாசித்து எழுதுங்கள்.