காட்டில் எது கூட்டம்?

மைசூரு மாவட்டத்தின் காட்டோரக் கிராமங்களில் புலி தாக்கி விவசாயிகள் அடுத்தடுத்து உயிரிழந்தனர். மக்கள் கொதித்தெழுந்த பின்னரே, 2025 நவம்பர் 7 அன்று நாகரஹொளே, பந்திப்பூர் புலிகள் காப்பகங்களில் சஃபாரியை நிறுத்த கர்நாடக வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே உத்தரவிட்டார். சஃபாரிப் பணியில் இருந்த ஊழியர்களைக் கிராமங்களின் பாதுகாப்புக்கு அனுப்புமாறும் பணித்தார். அப்படியானால், அதுவரை அந்த ஊழியர்கள் யாருக்காக உழைத்தார்கள்? இந்த உத்தரவே ஓர் ஒப்புதல் வாக்குமூலம்.

சஃபாரி வாகனங்களின் நெரிசலே புலியை ஊருக்குள் விரட்டுகிறது என்பது விவசாயிகளின் குற்றச்சாட்டு. வல்லுநர்கள் பலர் அதை ஏற்கவில்லை. அந்த விவாதம் நடக்கட்டும். நமது கேள்வி வேறு: காட்டுக்குள் யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்பதை எந்த வர்க்கத்தின் நலன் தீர்மானிக்கிறது?

மன்னராட்சிக் காலத்தில் காக்கனகோட்டைக் காட்டில் யானைகளை வளைத்துப் பிடிப்பதை வைஸ்ராய்களும் சமஸ்தான விருந்தினர்களும் வேடிக்கை பார்த்தனர். யானைகளை வளைக்க உழைத்தவர்கள் குருபர் பழங்குடியினர். விடுதலைக்குப் பின் விருந்தினர்கள் மாறினார்கள், கணக்கு மாறவில்லை. 1970களிலும் 80களிலும் ஜேனு குருபர், பெட்ட குருபர், எரவர் குடும்பங்கள் நாகரஹொளேயிலிருந்து வெளியேற்றப்பட்டன. அடுத்த பத்தாண்டிலேயே அந்தக் காட்டுக்குள் தாஜ் குழுமத்தின் விடுதிக்கு இடம் குத்தகைக்கு விடப்பட்டது. ஆதிவாசிகள் போராடினர். 1997இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அந்தக் குத்தகை செல்லாது என்றது.

ஆட்சியாளர்கள் பாடம் கற்றார்களா? 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. 591 கிராமங்களைச் சேர்ந்த 64,801 குடும்பங்களைக் காப்பகங்களின் மையப்பகுதியிலிருந்து இடம்பெயர்க்கும் பணியை விரைவுபடுத்துமாறு அது கோரியது. 2025 மே 5 அன்று 52 ஜேனு குருபர் குடும்பங்கள் நாகரஹொளேயில் தங்கள் மூதாதையர் வாழ்ந்த கரடிக்கல்லு அத்தூர் கொல்லிக்குத் திரும்பியபோது, வனத்துறையும் காவல்துறையும் அவர்களை வெளியேறச் சொல்லி நெருக்கின. ஒன்றியத்தில் பாஜக, மாநிலத்தில் காங்கிரஸ். ஆதிவாசியை விரட்டுவதில் இருவருக்கும் வேறுபாடில்லை. மைசூரு தசராவில் யானைகளை நடத்திவர ஜேனு குருபர் பாகன்கள் வேண்டும். காட்டில் அவர்களுடைய குடில் மட்டும் ஆக்கிரமிப்பாம்!

புலிகள் காப்பகமே ஆனாலும், உரிமைகளை அங்கீகரித்து, கிராமசபையின் ஒப்புதலைப் பெறாமல் யாரையும் இடம்பெயர்க்கக் கூடாது என்கிறது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அது காகிதத்தில் கிடக்கிறது. மையப்பகுதியில் சுற்றுலாவுக்கு 2012 ஜூலையில் தடைவிதித்த உச்சநீதிமன்றம், அக்டோபரில் அத்தடையை நீக்கியது. புதிய வழிகாட்டு நெறிகளின்படி மையப்பகுதியில் 20 சதவீதம் வரை சுற்றுலாவுக்குத் திறந்துவிடலாம். சுற்றுலாவுக்கு இடமுண்டு; தலைமுறைகளாக வாழ்ந்தவரின் குடியிருப்புக்கு இடமில்லை.

கூட்டத்தைக் குறைக்கக் கட்டணத்தை உயர்த்துவோம் என்பது சிலர் சொல்லும் தீர்வு. அது கூட்டத்தைக் குறைக்காது. ஏழைகளை மட்டுமே குறைக்கும். கபினிக் கரை விடுதியில் தங்கி ஜீப்பில் செல்பவர் அப்போதும் செல்வார். வனத்துறைப் பேருந்தில் குழந்தைகளோடு ஏறும் தொழிலாளியே வாயிலில் நிற்பார். அவர் நமது எதிரி அல்லர். காட்டைக் காண அவருக்கும் உரிமை உண்டு. கட்டணத்தை உயர்த்தாமலே எண்ணிக்கைக்கு வரம்பு வைக்க முடியும் என்பதை நீலகிரியின் இ-பாஸ் முறை காட்டுகிறது. அங்கு 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பு வகுத்தது சென்னை உயர்நீதிமன்றம். ஆனால் அந்த வரம்பை நீதிமன்றம் வகுத்ததே தவிர, அங்கு வாழும் மக்கள் வகுக்கவில்லை.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. வன உரிமை மனுக்களைத் தீர்க்காமல் ஒரு குடும்பத்தையும் அகற்றக் கூடாது. சஃபாரி வாகனங்களின் எண்ணிக்கை, நேரம், தடம் ஆகியவற்றைக் கிராமசபைகளின் ஒப்புதலோடே முடிவு செய்ய வேண்டும். தனியார் விடுதிகளுக்கான ஒதுக்கீட்டைக் குறைத்து, பொதுமக்களுக்கான பேருந்து இருக்கைகளைக் குறைந்த கட்டணத்தில் உறுதிப்படுத்த வேண்டும். சஃபாரி வருவாயில் முதல் பங்கு பயிரையும் உயிரையும் இழந்த குடும்பங்களுக்குச் செல்ல வேண்டும். ஓட்டுநர்கள், வழிகாட்டிகள், தற்காலிக வனக் காவலர்களுக்குப் பணி நிரந்தரம் வேண்டும். சஃபாரி நின்ற நாட்களின் இழப்பை அவர்கள் தலையில் சுமத்தக் கூடாது.

காட்டோர விவசாயி, ஆதிவாசி, சஃபாரி ஓட்டுநர் ஆகிய மூவரையும் ஒருவருக்கு எதிராக ஒருவரை நிறுத்துவதே விடுதி முதலாளிகளுக்கு ஆதாயம். அம்மூவரையும் ஒரே கோரிக்கைப் பட்டியலின் கீழ் அணிதிரட்டுவதே நமது பணி.