சிரிப்பு பெயரில் இல்லை, விதியில் இருக்கிறது

புதிய பலகை விளையாட்டுகளை வேடிக்கையாகக் கற்பனை செய்வது நம் சூழலில் ஒரு தனி எழுத்துவகையாகவே ஆகிவிட்டது. பரமபதப் படத்தை எடுத்துக்கொள்வது, பாம்புக்கு ஓர் அரசியல்வாதியின் தலையை ஒட்டுவது, ஏணிக்குச் ‘சிபாரிசு’ என்று பெயரிடுவது. அவ்வளவுதான், அங்கதம் தயார். இதை அங்கதம் என்று நாம் ஏற்பதற்கில்லை. பெயர்ப்பலகையை மாற்றினால் கடை மாறிவிடாது.

எம் தரப்பு எளிமையானது. ஒரு விளையாட்டின் மொழி அதன் படமன்று, அதன் விதி. நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். பல்லாங்குழியில் தோற்றவர், கையில் எஞ்சிய காய்களால் எத்தனை குழிகளை நிரப்ப முடிகிறதோ அத்தனை குழிகளோடுதான் அடுத்த சுற்றுக்கு வரவேண்டும். இல்லாதவனிடமிருந்து இன்னும் எடுத்துக்கொள்ளப்படும் என்ற கசப்பை, ஒரு சொல்லும் பேசாமல் பதினான்கு குழிகள் சொல்லிவிடுகின்றன. ஆடுபுலியில் மூன்று புலிகளை எதிர்த்துப் பதினைந்து ஆடுகள். அவற்றால் வெட்ட முடியாது. சேர்ந்து நின்று வழியை அடைக்க மட்டுமே முடியும். இதைவிடச் சுருக்கமாக அரசியலை யார் எழுதிவிட முடியும்?

மேற்கிலும் ஒரு பாடம் உண்டு. 1904இல் அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண்மணி ‘நிலக்கிழார் ஆட்டம்’ என்ற பலகைக்குக் காப்புரிமை பெற்றார். ஹென்றி ஜார்ஜின் பொருளாதாரக் கருத்துகளில் ஊறியவர் அவர். நிலம் வைத்திருப்பவன் இருந்த இடத்திலேயே கொழுப்பதையும், வாடகை கொடுப்பவன் ஓட்டாண்டியாவதையும் ஆடிக் காட்டவே அதைச் செய்தார். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அதன் வழிவந்த ஆட்டத்தை ‘மோனாப்பொலி’ என்று விற்கத் தொடங்கியது. மேகிக்குக் கிடைத்தது 500 டாலர். எச்சரிக்கையாக எழுதப்பட்ட விதியை உலகம் வெற்றிக்கான வழிகாட்டியாக வாசித்தது. நம் வீடுகளிலும் அது ‘பிசினஸ்’, ‘டிரேடு’ என்ற பெயர்களில் நுழைந்து, பிள்ளைகள் பம்பாயை வாங்கிக் கல்கத்தாவை விற்றார்கள். வெல்பவரை வெட்கப்பட வைக்காத விதி விரைவில் விளம்பரமாகிவிடும் என்பதே பகடி எழுதுவோர் இதிலிருந்து கற்கவேண்டியது.

போலந்தில் 2011இல் வெளியான ‘வரிசை’ என்னும் ஆட்டம் இதை நன்கறிந்தது. கம்யூனிச ஆட்சிக்காலத்துக் காலிக் கடைகளின் முன் ஆட்டக்காரர்கள் வரிசையில் நிற்கவேண்டும். கைக்குழந்தையோடு வரும் தாயின் சீட்டு கையிலிருந்தால் முன்னால் போகலாம். சிரித்துக்கொண்டே ஆடுகிறவனுக்குச் சற்று நேரத்தில் கால் வலிக்கத் தொடங்குகிறது. நியாயவிலைக் கடை வரிசையில் நின்ற தமிழனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குறை சொல்வது எளிது, செய்து காட்டுங்கள் என்பார்கள். செய்வோம். பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையிலுள்ள நெமிலிச்சேரியே நம் பலகை. முதல் ஆட்டம் ‘நானூறு அடிச் சாலை’. வண்டலூரில் தாயம் போட்டுப் புறப்பட்டு மீஞ்சூரை அடையவேண்டும். பாதி வழியில் நெமிலிச்சேரிக் கட்டத்தில் விழுந்தவர் ஏழு சுற்றுகள் நிற்கவேண்டும். மிகையென்று எண்ணவேண்டாம். வெளிவட்டச் சாலை வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரை 2014இல் திறக்கப்பட்டது; அங்கிருந்து மீஞ்சூருக்கு 2021இல்தான் வழி பிறந்தது.

இரண்டாவது ஆட்டம் ‘பட்டா’. மனை வாங்குவது ஒரே உருட்டில் முடிந்துவிடும். வாங்கியதை மெய்ப்பிப்பதே மீதி ஆட்டம். 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் வந்த வரன்முறைத் திட்டமோ 2016 அக்டோபர் 20ஆம் நாளை எல்லையாக வைத்தது. அந்தக் கோட்டுக்கு இப்புறமா அப்புறமா என்று தேடுவதிலேயே ஆட்டக்காரரின் பாதிச் சுற்றுகள் கழியும். மனையை விற்ற காய் உடனே பலகையைவிட்டு வெளியேறும். அதன்பின் அதை யாரும் தொட முடியாது. ஏரிக்கும் ஒரு காய் உண்டு. பல சுற்றுகள் அது அசையாது. எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள். மழைச்சீட்டு வந்ததும் தன் பழைய கட்டங்களை எல்லாம் ஒரே நகர்வில் எடுத்துக்கொள்ளும். பலகையில் ஞாபகசக்தி உள்ள ஒரே ஆட்டக்காரர் ஏரிதான்.

‘விளையாட்டில் எதற்கு இத்தனை பாரம்?’ என்று கேட்கும் நண்பர்களுக்கு நம் பதில்: வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி மனை வாங்கியவன் ஏற்கெனவே இந்த ஆட்டத்தில்தான் இருக்கிறான். அவனுக்கு விதிகளை யாரும் படித்துக் காட்டவில்லை, அவ்வளவே. நகைச்சுவை அந்த விதிகளைச் சத்தமாகப் படிக்கவேண்டும். பாம்பின் தலையை மட்டும் மாற்றி வரைகிறவர்கள் உண்மையில் பாம்பைக் காப்பாற்றுகிறார்கள்.