காரணத்தை எழுத்தில் கொடுங்கள்

தஞ்சை மாவட்டத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஆவண எழுத்தராக இருக்கிறேன். வீட்டுக்கு விலை பேசி முடித்தவர்கள் கிரைய உடன்படிக்கை எழுத என்னிடம் வருவார்கள். வங்கிக் கடன் கிடைக்காமல் போனால் அதே உடன்படிக்கையை ரத்து செய்யவும் என்னிடம்தான் வருவார்கள். முன்பெல்லாம் ரத்துக்கான காரணம் சொத்தில் இருக்கும். வாரிசு ஒருவர் கையெழுத்துப் போட மறுத்திருப்பார், மூலப்பத்திரம் காணாமல் போயிருக்கும், பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். இப்போது வருகிற பலருடைய சொத்தில் ஒரு குறையும் இருப்பதில்லை. “சிபில்ல அடிபட்டுப் போச்சுங்க” என்கிறார்கள், அதாவது கடன் மதிப்பெண் கெட்டுவிட்டதாம்.

எந்தக் கடனில், எந்த வருஷத்தில் அடிபட்டது என்று கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. வங்கியில் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிற ஒருவரைக் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்புவது அநியாயம். விதிகளுக்கும் அது விரோதம்.

சென்ற ஆண்டு ஒரு தம்பதி வந்தார்கள். மனைவி தனியார் மருத்துவமனையில் செவிலியர், கணவருக்கு அச்சகத்தில் வேலை. பிள்ளைகள் இருவரும் வாடகை வீடுகளிலேயே வளர்ந்தவர்கள். புறவழிச்சாலைக்கு உள்ளே 1,200 சதுர அடி மனையில் ஒரு சிறிய வீடு, விலை 32 லட்சம். 4 லட்சம் முன்பணம் கொடுத்தார்கள். அதில் பாதி, அந்தப் பெண் நகையை விற்றுக் கொண்டுவந்தது. மூன்று மாதக் கெடு வைத்து உடன்படிக்கை எழுதிப் பதிவும் செய்தோம். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், பான் அட்டை, ஆதார் என்று கேட்டதையெல்லாம் வங்கியில் கொடுத்தார்கள். சொத்து ஆவணங்கள் வக்கீலின் பார்வைக்குப் போகும் முன்பே தொலைபேசி வந்துவிட்டது. “உங்க மனைவி பேர்ல சிபில் சரியில்ல சார். வேற பேங்க் பாருங்க.” பேச்சு அவ்வளவுதான்.

வேறு வங்கி பார்த்தார்கள். கடன் ஏற்பாடு செய்து தரும் முகவர் ஒருவர் ஒரே வாரத்தில் பல இடங்களில் விண்ணப்பம் போட்டார். ஒவ்வொரு வங்கியும் ஒருவருடைய கடன் அறிக்கையை எடுத்துப் பார்க்கும்போது ‘இவர் கடன் கேட்டு அலைகிறார்’ என்று அதே அறிக்கையில் ஒரு பதிவு ஏறும், மதிப்பெண் இன்னும் இறங்கும். இதை அந்த முகவர் அவர்களிடம் சொல்லவில்லை. கெடுவில் பாதிக்கு மேல் கரைந்த பிறகுதான், மகன் கைப்பேசியில் அறிக்கையைத் தரவிறக்கி என்னிடம் கொண்டுவந்து காட்டினான்.

அதில் இருந்தது ஒரு பழைய கிரெடிட் கார்டு. மருத்துவமனை வளாகத்தில் மேசை போட்டு உட்கார்ந்து விற்றவர்களிடம் வாங்கியது. சில மாதம் பயன்படுத்தி, பாக்கி முழுவதையும் கட்டி, கார்டை மூடச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறார். கிளையில் முத்திரை போட்டுக் கொடுத்த நகலும் அவர் பெட்டியில் இருந்தது. ஆனால் கார்டு மூடப்படவில்லை. மறு ஆண்டுக்கான கட்டணம் 500 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 590 ரூபாய் கணக்கில் ஏறியிருக்கிறது. அதன்மேல் தாமதக் கட்டணம், அதற்கும் வட்டி. அறிவிப்புகளெல்லாம் காலி செய்துவிட்டுப் போன பழைய வாடகை வீட்டு முகவரிக்குப் போயிருக்கின்றன. கடைசியில் ‘வராக்கடனாகத் தள்ளுபடி’ என்று ஒரு வரி. அந்த வரிதான் 28 லட்சம் கடனைத் தடுத்தது.

கடிதத்தின் நகலை வைத்துப் புகார் கொடுத்தார்கள், பதிவும் திருத்தப்பட்டது. ஆனால் கெடு முடிந்துவிட்டது. வீட்டை விற்றவர் கெட்டவர் இல்லை. மகள் கல்யாணத்துக்காக விற்றவர், அவருக்கும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. 1 லட்சத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். ரத்து ஆவணத்தை நான் எழுதினேன். அந்தப் பெண் கையெழுத்துப் போட்டுவிட்டு, “நான் யாருக்கும் ஒத்த ரூபா பாக்கி வெச்சதில்லையே” என்றார். அவர் சொன்னது முழு உண்மை.

இந்த அறிக்கைகள் எப்படி உருவாகின்றன என்பதைப் பொதுமக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மக்கள் எல்லாவற்றையும் சிபில் என்றே சொன்னாலும், நாட்டில் இவற்றைத் தயாரிக்கும் நான்கு நிறுவனங்கள் உண்டு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் இவை இயங்குகின்றன. நம் ஒவ்வொரு கடனைப் பற்றியும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இவற்றுக்குத் தகவல் அனுப்புகின்றன. 2025 ஜனவரி முதல் மாதத்துக்குக் குறைந்தது இருமுறை அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்தத் தகவலிலிருந்து 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் பிறக்கிறது. தவறு இருந்தால் இந்த நிறுவனங்கள் தாமாகத் திருத்தாது. தகவல் அனுப்பிய வங்கி ‘ஆம், தவறுதான்’ என்று சொன்னால்தான் திருத்தும்.

நான் எழுதும் கிரைய உடன்படிக்கையில் விற்பவர், வாங்குபவர் இருவரும் கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும், சார்பதிவாளர் முன்னால் நேரில் வந்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மனிதரின் நாணயத்தைப் பற்றிய இந்த ஆவணத்தில் கடன் கொடுத்தவர் மட்டுமே எழுதுகிறார். யாரைப் பற்றி எழுதப்படுகிறதோ அவருக்கு அது எழுதப்பட்டதே தெரிவதில்லை.

அடிபட்டவர்கள் எல்லோரும் அந்தச் செவிலியரைப் போன்றவர்கள் என்று சொல்லமாட்டேன். வாங்கிய கடனைக் கட்டாமல் ஊர் மாறிப் போனவர்களும் இருக்கிறார்கள். வங்கியில் இருப்பது ஊரார் போட்டுவைத்த பணம். அதைத் திருப்பிக் கட்டாதவருக்கு மறுபடி கொடுக்காதே என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் என் திண்ணைக்கு வருகிறவர்களில் பலர் வேறு ரகம். நண்பனின் கடனுக்கு ஜாமீன் போட்டவர், அந்தக் கடன் தன் அறிக்கையிலும் ஏறும் என்று அறியாதவர். முதலெழுத்தும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனதால் வேறொருவர் கடனைச் சுமக்கிறவர். மகனின் கல்விக் கடனில் உடன் கையெழுத்திட்ட தகப்பன். மகனுக்கு வேலை கிடைக்கத் தாமதமானால், இந்த மனிதர் ஐம்பத்தைந்து வயதில் ஓட்டு வீட்டை இடித்துக் கட்டக் கடன் கேட்கும்போது அது தலைதூக்கும்.

இவர்களில் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறவர்கள் ‘செட்டில்மென்ட்’ செய்தவர்கள். கொரோனா காலத்தில் தொழில் படுத்துப்போய்த் தவணை நின்றவர்களிடம் வசூல் முகவர் வந்து, “பாதியைக் கட்டுங்க, கணக்கை முடிச்சுக்கலாம்” என்பார். இவர்களும் கைமாற்று வாங்கிக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அப்படி முடித்த கணக்கு, முழுதாகக் கட்டி முடித்த கணக்குக்குச் சமம் ஆகாது. ‘செட்டில்டு’ என்ற குறிப்பு ஆண்டுக்கணக்கில் அறிக்கையில் நிற்கும். கடன் தகவலைக் குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பணத்தை வாங்கும்போது இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அந்த முகவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இனி சட்டத்துக்கு வருகிறேன். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, கடனுக்கு விண்ணப்பித்தவர் கேட்டால், தன்னைப் பற்றி வங்கி வாங்கிய கடன் அறிக்கையின் நகலை வங்கி அவருக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. கடன் மறுக்கப்பட்டால் அதற்கான முக்கியக் காரணங்களை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2003-இல் சிறு கடன்களுக்குச் சொன்னது. 2007-இல், தொகை எவ்வளவாக இருந்தாலும் எல்லாக் கடன்களுக்கும் அதை விரித்தது. ஆண்டுகள் இத்தனை ஓடிவிட்டன. ரத்து ஆவணம் எழுத வருகிறவர்களிடம் வங்கி கொடுத்த மறுப்புக் கடிதம் இருக்கிறதா என்று நான் தவறாமல் கேட்கிறேன். கொண்டுவந்து காட்டியவர்கள் மிக அரிது. தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

தவறான பதிவைப் பற்றிப் புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இது 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. வரவேற்க வேண்டிய விதிதான், தொகைதான் போதாது. கடன் கட்டி முடித்தவருடைய சொத்துப் பத்திரத்தை 30 நாளுக்குள் திருப்பித் தராத வங்கி நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று விதித்ததும் இதே ரிசர்வ் வங்கிதான். கிரெடிட் கார்டை மூடச் சொல்லி ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய். பத்திரம் தாமதமானால் 5,000, கார்டு தாமதமானால் 500, ஒரு குடும்பத்தின் நாணயம் பொய்யாகக் கெட்டுக் கிடந்தால் 100. இந்த வரிசை எனக்கு நியாயமாகப் படவில்லை. தவறு கடன் கொடுத்தவர் பக்கம் என்று உறுதியானால் இழப்பீடு பத்திரத்துக்கு இணையாக இருக்க வேண்டும், அதுவும் முதல் நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும். திருத்தம் நடக்கும்வரை அந்த வீட்டுக்கடன் விண்ணப்பத்தை மூடாமல் வைத்திருக்கவும் வங்கிகளுக்கு உத்தரவிட வேண்டும். மறுபடி புதிதாக விண்ணப்பித்து, மறுபடி கட்டணம் கட்டச் சொல்வது வாங்குகிறவர் தலையில் இன்னொரு சுமை.

எழுத்தில் காரணம் கேட்பதற்கு என் தொழிலிலிருந்து இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய உடன்படிக்கையைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்துவிட்டால் அது வில்லங்கச் சான்றில் வரும். கடன் கிடைக்காமல் போனால் வாங்குபவருக்கு முன்பணம் சிக்கும், விற்பவருக்குச் சொத்து சிக்கும். ரத்து ஆவணத்தில் இருவரும் கையெழுத்துப் போடும்வரை அடுத்தவருக்கு விற்க முடியாமல் அவரும் தவிப்பார். ‘கெடுவுக்குள் மீதிக் கிரையத் தொகையைச் செலுத்தத் தவறினால் முன்பணத்தை இழந்துவிட வேண்டியது’ என்ற வாசகம் காலங்காலமாக எல்லா உடன்படிக்கையிலும் இருக்கிறது. கையில் ரொக்கம் வைத்துக்கொண்டு வீடு வாங்கிய காலத்தின் வாசகம் அது.

ஆகவே கடன் வாங்கி வாங்குகிறவர்களுக்கு நான் இப்போது இன்னொரு நிபந்தனை சேர்க்கிறேன். வங்கியில் உரிய நாளுக்குள் விண்ணப்பித்தும் கடன் மறுக்கப்பட்டால், மறுப்புக் கடிதத்தைக் காட்டிய 15 நாளுக்குள் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியது. பெற்றுக்கொண்டதும் தாமதமின்றி ரத்து ஆவணத்தில் கையெழுத்திட வேண்டியது. விற்பவர்களில் சிலர் முகம் சுளிப்பார்கள். விளக்கிச் சொன்னால் பலர் ஒப்புக்கொள்கிறார்கள், அவர்களுக்கும் சொத்து சீக்கிரம் விடுபடுகிறது அல்லவா? ஆனால் வங்கி அந்தக் கடிதத்தைக் கொடுக்காவிட்டால் இந்த நிபந்தனை வெறும் மைதான். கடன் மறுக்கப்பட்டதற்கு வாங்குபவரிடம் வேறென்ன சாட்சி இருக்கிறது?

மதிப்பெண்ணை ஏற்றித் தருகிறோம் என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களிடம் போகாதீர்கள். அறிக்கையில் இருக்கிற உண்மையான பாக்கியை எவராலும் அழிக்க முடியாது, பொய்யான பதிவைத் திருத்த நீங்களே காசில்லாமல் விண்ணப்பிக்கலாம். வங்கி மறுத்த ஆத்திரத்தில் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வெளியில் வாங்கிப் பத்திரம் முடிக்கவும் போகாதீர்கள். வருஷத்துக்கு 36 சதவீதம் கட்டி வீட்டைக் காப்பாற்றியவர்களை நான் பார்த்ததில்லை.

வீடு பார்க்கத் தொடங்கும்போதே, முன்பணத்தில் கை வைப்பதற்கு முன்பே, கணவன் மனைவி இருவரும் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஒன்றில் இல்லாத தவறு இன்னொன்றில் இருக்கலாம் என்பதால் நான்கையும் எடுங்கள். கட்டி முடித்த ஒவ்வொரு கடனுக்கும் ‘பாக்கி இல்லை’ சான்று வாங்கிப் பத்திரங்களோடு வையுங்கள். அதையும் மீறிக் கடன் மறுக்கப்பட்டால், தொலைபேசியில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அடுத்த வங்கிக்கு ஓடாதீர்கள். கிளைக்குப் போய், மறுப்புக்கான காரணத்தையும் அறிக்கையின் நகலையும் எழுதிக் கேளுங்கள், கொடுத்த மனுவின் நகலில் முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவருடைய அதிகாரத்துக்குள் வந்துவிட்டன. உதவிக்கான தொலைபேசி எண் 14448. புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.