உப்புப் பாத்தியில் பெய்யும் மழை

மரக்காணத்தில் சோழர் காலக் கல்வெட்டுகளோடு விளங்கும் பூமீஸ்வரர் திருக்கோயிலைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள், ஊரை அடுத்த உப்பளங்களையும் சற்று நின்று பார்ப்பது நன்று. பதின்பருவப் பேரப்பிள்ளைகள் உள்ள இல்லத்தாருக்கு அங்கே அறிந்துகொள்ள ஒன்று உண்டு.

மழைக்காலம் ஓய்ந்ததும் பாத்திகளில் படிந்த சேற்றை வாரி, தரையை மிதித்து இறுக்குவர். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவைப்பர். அதன் அடர்த்தி போமே அளவில் ஏறத்தாழ 25 பாகையை எட்டும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். அந்த வேளையில் கோடை மழை பெய்துவிட்டால்? பழக்கமில்லாதவர் பதறி இறங்கி நீரைக் கலக்கிவிடுவார். தேர்ந்தவர் கலக்கமாட்டார். மழைநீர் எடை குறைந்தது. உவர்நீரின் மேலேயே நிற்கும். வரப்பைச் சிறிது வெட்டி மேல்நீரை மட்டும் வடியவிட்டு, மிஞ்சியதைக் காப்பார். பெருமழையில் எல்லாமே கரைந்துபோவதும் உண்டு. அப்போது மீண்டும் சேற்றிலிருந்தே தொடக்கம்.

பதற்றத்தை அடக்குதல், செய்ய வேண்டியதை நினைவில் வைத்தல், திட்டமிடுதல், வழியை மாற்றிக்கொள்ளுதல் ஆகியவற்றை உளவியலார் ஒரே திறன்தொகுதியாகக் கருதுகின்றனர். இவற்றுக்கு ஆதாரமான மூளையின் முன்பகுதி முதிர்ச்சி பெற இருபது வயதுக்கு மேலும் சில ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே பதினைந்து வயதுப் பேரன் செய்முறைக் குறிப்பேட்டை வீட்டில் மறந்துவிட்டுச் செல்வது திமிரன்று, பழக்கம் போதாமை. தாத்தாவோ குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறார். பாசந்தான், ஆயினும் வரப்பை வெட்டும் கை என்றும் தாத்தாவுடையதாகவே இருந்துவிடுகிறது.

வாடிய முகத்தோடு வீடு திரும்பும் பிள்ளைக்கு முதலில் ஒரு குவளை மோர் கொடுக்கலாம். அறிவுரை அப்போது ஏறாது. மனம் தெளிந்தபின் கேட்கலாம்: என்ன போயிற்று? என்ன மிஞ்சியிருக்கிறது? நாளைக் காலையில் முதல் வேலை எது? விடையை அவனே நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதட்டும். பேனாவைப் பெரியவர் வாங்கிக்கொள்ளாதிருப்பதுதான் இதில் கடினமான பகுதி.

பிரதோஷத்தன்று கோயிலுக்குப் புறப்படும் பொறுப்பைப் பேத்தியிடம் ஒப்படைக்கலாம். வில்வம், பூ, அகல், எண்ணெய், பேருந்து நேரம் எல்லாம் அவள் கணக்கு. ஒருநாள் எண்ணெய் விட்டுப்போகும். சந்நிதி வாசலில் கடிந்துகொள்ள வேண்டாம். உடனே கடைக்கு விரையவும் வேண்டாம். என்ன செய்யலாம் என்று அவளே சுற்றுமுற்றும் பார்க்கட்டும். தீபாராதனைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.