ஆளில்லாத மலை

மலையேற்றம் என்றாலே நம் மாணவர்களுக்குக் கினாபாலுதான். உச்சியில் ஒரு படம், கீழே வந்ததும் ஒரு சான்றிதழ். ஸ்காட்லாந்திலும் இதே கதைதான். 3,000 அடிக்கு மேற்பட்ட 282 மலைகளை ‘மன்றோ’ என்று பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். மலையேறிகள் அவற்றையே எண்ணி எண்ணி ஏறுகிறார்கள்.

பட்டியலில் இடம்பெறாத மலைகளுள் ஒன்று, வடக்கே சதர்லாந்து வட்டாரத்தில் உள்ள பென் கிரியம் பெக். உயரம் வெறும் 580 மீட்டர். ஓர் ஆகஸ்டு மாதம் அதில் ஏறினேன். நான் சென்ற பக்கம் பாதையே இல்லை. முழங்கால் உயரத்துக்கு ஊதாப் பூவோடு ஹீதர் செடி. அதனடியில் காலை உள்ளிழுக்கும் சதுப்பு. நாலடி நடந்தால் நாற்பதடி நடந்த களைப்பு! அன்று முழுதும் ஒரு மனிதரைக்கூடப் பார்க்கவில்லை. ‘ஆகா, என்ன அமைதி’ என்று நானும்தான் வியந்தேன்.

இறங்கிய பிறகே உறைத்தது. அருகிலுள்ள கில்டோனன் பள்ளத்தாக்கில் புல் மூடிய கற்சுவர்கள் கிடக்கின்றன. அவை வீடுகள். 1813இலும் 1819இலும் செம்மறியாட்டுப் பண்ணைகளுக்காக அங்கிருந்த குடும்பங்களை நில உரிமையாளர்கள் வெளியேற்றினார்கள். சிலர் கடற்கரைக்குப் போனார்கள். சிலர் கப்பலேறிக் கனடா சென்றார்கள். ஹைலாண்ட்ஸின் பல இடங்களில் ஹீதர் வெளிகூட முழுக்க இயற்கையன்று. ஆடும் மானும் மேய்வதாலும், இளந்தளிருக்காக மனிதர் தீ வைப்பதாலும் அங்கே மரம் எழுவதில்லை.

அமைதியை ரசிப்பதில் தவறில்லை. ஆனால், வெறுமையாகக் கிடக்கும் நிலத்தையெல்லாம் இயற்கையின் கொடை என்று நம்பிவிடுவது தவறு என்பேன். நமக்கு இது புரியாத செய்தியா? மலாயாத் தோட்டங்களை ஆண்ட துரைமார்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர். அவர்கள் போய், தோட்டங்களும் கைமாறி, பால்மரங்கள் சாய்ந்தபோது நம்மவர்கள் லயங்களைக் காலி செய்தார்கள். இரண்டும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. கில்டோனன் மக்கள் தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் வாழ்ந்தவர்கள். நம்மவர்கள் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். ஆனால், அவர்களின் கதையைச் சொல்ல ஹெல்ம்ஸ்டேல் என்னும் சிற்றூரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நம் லயம் நின்ற இடத்தில் பெரும்பாலும் ஒரு பலகைகூட இல்லை.

ஆண்டுதோறும் சுற்றுலா போகிறோம். ஒருமுறையாவது, பழைய தோட்டம் ஒன்றுக்கு, அங்கே வாழ்ந்த பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போகலாமே. குறிப்பேடும் ஒலிப்பதிவுக் கருவியும் போதும். ஆனால், தள்ளிப்போட நேரமில்லை. என் அப்பா பிறந்த தோட்டம் இன்று கோல்ஃப் திடல். அண்மையில் அங்கே போனபோது, மாரியம்மன் கோயில் இருந்த இடத்தை அவர் ஒரு மாமரத்தை அடையாளம் வைத்துத்தான் காட்டினார். அந்த மரத்திலும் வெட்டுவதற்கான சிவப்புக் குறி போட்டிருந்தார்கள்.