படிப்பை நிறுத்தியவர் கற்பதையும் நிறுத்த வேண்டுமா?

பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டு வாப்பாவின் கடையில் உட்கார்ந்திருக்கும் இளைஞரிடம் ஏதாவது கற்றுக்கொள்ளச் சொன்னால், "படிப்புதான் முடிஞ்சு போச்சே பாய்" என்கிறார். பள்ளிக்கூடம் முடிந்தது உண்மை. கல்வியும் அதோடு முடிந்துவிட்டது என்று இவருக்குச் சொன்னது யார்?

கொல்லிமலையை எடுத்துக் கொள்வோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடு. மேலே செம்மேடு, வாசலூர்பட்டி என்று ஊர்கள். இந்த மலையில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்து கிடக்கிறது. பயிரிடுவோரில் பெரும்பாலோர் மலையாளி எனும் பழங்குடி மக்கள். (பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், அவர்கள் பேசுவது தமிழ்தான்.) அங்கே மிளகு வாங்க மலையேறும் வியாபாரி எவராயினும், அவர் அறிந்திருக்க வேண்டிய தொழில்நுட்பம் ஒன்று உண்டு. அதற்குக் கல்லூரி தேவையில்லை.

ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்தில் காய்ந்த மிளகை நிரப்பி எடை போட வேண்டும். 550 கிராம் நின்றால் நல்ல சரக்கு. குறையக் குறைய, உள்ளீடற்ற பொக்கு மிளகு கலந்திருக்கிறது என்று பொருள். ஈரம் 11, 12 சதவிகிதத்தைத் தாண்டினால் மூட்டையிலேயே பூசணம் பிடிக்கும். நூறு கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய 33 கிலோதான் தேறும். கொச்சிச் சந்தை விலையில் 'கார்பிள்டு' என்றால் தூசி, காம்பு நீக்கிச் சுத்தம் செய்தது. 'அன்கார்பிள்டு' என்றால் செய்யாதது. இரண்டுக்கும் விலை வேறு.

இதை அறியாத வியாபாரி கையால் அள்ளிப் பார்த்து விலை சொல்கிறார். சில நாள் அவர் ஏமாறுகிறார். சில நாள் அந்த ஏழை விவசாயி ஏமாறுகிறார். அளவில் குறைப்போருக்குக் கேடு என்று எச்சரிக்கத் திருக்குர்ஆனில் 83ஆவது அத்தியாயமே இருக்கிறது. அதை ஓதுகின்ற நாம், அளக்கத் தெரியாமல் வியாபாரம் செய்யலாமா?

ஜைத் பின் ஸாபித் (ரலி) அவர்களிடம் யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். கடிதப் போக்குவரத்தில் பிறரை நம்பியிருக்கக் கூடாது என்பதே காரணம். அரை மாதத்திற்குள் அந்த இளைஞர் கற்றுத் தேர்ந்தார் என்று திர்மிதியில் பதிவாகியுள்ளது. அவர் எந்தப் பட்டத்திற்காகவும் படிக்கவில்லை. ஒரு வேலை நடக்க வேண்டியிருந்தது.

நம் பாட்டிமார்களை மறந்துவிட்டோம். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே வீட்டுக்குள் அரபுத்தமிழ் கற்று மாலைகளையும் மஸ்அலாக்களையும் வாசித்தவர்கள் அவர்கள். நம் காலத்திலும் ஒருவர் இருந்தார். தேங்காய்ப்பட்டினத்தில் 1944இல் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் பள்ளியில் படித்தது மலையாளம். பிழைப்பு நெல்லையில் மிளகாய் வத்தல் வியாபாரம். தமிழில் அவர் எழுதிய 'சாய்வு நாற்காலி' நாவலுக்கு 1997இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. கடையை மூடிவிட்டா எழுதினார்?

முப்பது நாளில் மொழி கற்றுத் தரும் புத்தகம் பல வீடுகளில் இருக்கிறது. முதல் ஏழு பக்கம் அழுக்காகவும் மீதி புத்தம் புதிதாகவும் இருக்கும்! தனியாகக் கற்பவர் தோற்பது அறிவுக் குறைவால் அல்ல, கேட்பாரில்லாததால். செல்போனில் பாடம் பார்த்தால் தலையாட்டத் தோன்றுமே தவிர, நாம் செய்த தவறை அது சொல்லாது. பக்கத்துக் கடைப் பெரியவர் சொல்வார்.

ஆகவே இரண்டு பேராகச் சேருங்கள். ஒரு நோட்டு வாங்கி, இன்று எடை போட்ட சரக்கின் லிட்டர் எடையையும், காய்ந்த பின் நின்ற எடையையும் தேதியோடு எழுதுங்கள். மொழி கற்பவர் தினம் பத்துச் சொல் எழுதி, மறுநாள் சந்தையில் அவற்றைப் பேசிப் பாருங்கள். பள்ளியை இடையில் விட்டவர்கள் எட்டாம், பத்தாம் வகுப்புத் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதவும் வழி இருக்கிறது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். இஷாவுக்குப் பின் மதரஸா அறையைப் பூட்டிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் விளக்கு எரியட்டும். ஒரு கரும்பலகை, ஒரு தராசு, ஒரு லிட்டர் பாத்திரம் வையுங்கள். கற்றுக்கொடுக்க நம் மஹல்லாவிலேயே வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்களை அழைக்க வேண்டியது நீங்கள்தான்.